கடந்து போகும் கலமா, சுற்றிவரும் கலமா?

வெளிக்கோள்களுக்கு ஆளில்லா விண்கலம் அனுப்புவோரைத் திணறவைக்கும் முதல் கேள்வி இது. கோளை ஒருமுறை கடந்து போனால் போதுமா, அங்கேயே தங்கிச் சுற்ற வேண்டுமா?

செலவு: புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸுக்குச் சுமார் 70 கோடி டாலர். சனியைச் சுற்றிய காசினிக்கு 300 கோடிக்கும் மேல்.

எடை: முன்னது 478 கிலோ. பின்னது சுமார் 5,700 கிலோ, அதில் பாதிக்கு மேல் எரிபொருள். வேகத்தைக் குறைத்துச் சனியின் பிடிக்குள் நுழைய மட்டும் 96 நிமிடம் எஞ்சின் எரிந்தது.

வீச்சு: கடந்து போகும் கலத்துக்கே வெற்றி. யுரேனஸையும் நெப்டியூனையும் அருகில் பார்த்த ஒரே கலம் இன்றுவரை வாயேஜர் 2தான்.

மறுவாய்ப்பு: என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1981இல் சனியைக் கடந்த சற்று நேரத்தில் வாயேஜர் 2இன் கேமரா மேடை இறுகி நின்றுவிட்டது. தவறிய படங்கள் தவறியவைதான். காசினியின் கதை வேறு. 2005இன் தொடக்கத்தில் சனியின் என்செலடஸ் நிலவருகே, காந்தப்புலத்தை அளக்கும் அதன் காந்தமானி விசித்திரமான அளவுகளைக் காட்டியது. குழுவினர் ஜூலைப் பயணத்தை 175 கி.மீ. உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவது உறுதியானது. சந்தேகம் வந்த இடத்துக்கே திரும்பிப் போக முடிந்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது!

நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டையில், இன்னும் யாரும் எட்டாத, மிகத் தொலைவிலுள்ள பொருள்களுக்குக் கடந்து போகும் கலமே ஏற்றது. யுரேனஸுக்கு இனி சுற்றுக்கலம்தான் தேவை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2022 அறிக்கையும் அதையே முதன்மைப் பெருந்திட்டமாகப் பரிந்துரைத்திருக்கிறது.