கடைசி ஜார்கள், ஆறு மணி நேரத்தில்: 3/5

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் கடைசி ஜார்கள், அதாவது ரஷ்யாவின் கடைசிப் பேரரசர்கள், என்று சொல்லி ஒரு நாள் சுற்று விற்கிறார்கள். பாதி நடை, பாதி வேன், ஆங்கிலம் பேசும் கைடு, நுழைவுச் சீட்டெல்லாம் சேர்த்து ஒரே தொகை. இதே வழியைப் பலரும் விற்பதால் நாங்கள் யாரிடம் வாங்கினோம் என்பதை விட்டுவிடுகிறேன், பணம் கொடுக்கும் முன் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். சுருக்கமாகச் சொன்னால், அரச குடும்பத்தின் சோகக்கதை தாராளமாகக் கிடைக்கும், அந்தக் குடும்பம் நாட்டை எப்படி ஆண்டது என்பது மட்டும் நீங்களாகத் தோண்டிக் கேட்டால்தான் வரும்.

முதல் குறை காதில். கைடு பேசுவதைக் கேட்கக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு ரிசீவர் கொடுத்தார்கள், என்னுடையது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செத்துப்போனது, மாற்றுக் கருவி கேட்டால் இல்லை என்றார்கள். மார்ச் மாதக் குளிரில் குல்லாவை விலக்கி விலக்கி அந்தக் குட்டி இயர்போனைச் சரிசெய்துகொண்டே பாதி நகரம் நடந்தேன்.

தொடங்கிய இடம் ரத்தம் சிந்திய இடத்து மீட்பர் தேவாலயம். வெளியே வண்ண வண்ணக் குமிழ்க் கோபுரங்கள், உள்ளே தரையைத் தவிர எங்கும் மொசைக், கூட்டம் முழுக்க அண்ணாந்துதான் நிற்கிறது. நீங்கள் மேற்குக் கோடிக்குப் போய்க் கீழே பாருங்கள். வேலைப்பாடு செய்த கல் மண்டபத்தின் அடியில், பழைய கால்வாய்க் கரையின் உருண்டைக் கற்களையும் இரும்புக் கிராதியையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அன்றைய ரஷ்யாவில் இருந்த பழைய நாட்காட்டிப்படி 1881 மார்ச் 1 அன்று ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுபட்டு விழுந்த இடம் இதுதான். முதல் குண்டு வண்டியைத்தான் தாக்கியது, அவர் இறங்கி என்ன ஆயிற்று என்று பார்க்க நின்றார், இரண்டாவது குண்டு காலடியில் வெடித்தது. 1861-இல் 2 கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தவர் அவர் என்று கைடு சொன்னார், சரி. விடுதலையான குடியானவன் தன் பங்கு நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணை கட்ட வேண்டியிருந்ததைச் சொல்லவில்லை. அன்று காலையில்தான், தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனைக்குக் கூப்பிடும் ஒரு சின்னத் திட்டத்துக்கு ஜார் ஒப்புதல் கொடுத்திருந்தார் என்பதையும் சொல்லவில்லை. மகன் வந்ததும் அது குப்பைக்குப் போனது.

அந்த மகன் மூன்றாம் அலெக்சாந்தரின் சிலை பளிங்கு மாளிகை முன்னால் நிற்கிறது. கொழுத்த குதிரை, அதைவிடக் கனமாக மேலே ஒரு மனிதர். 1909-இல் ரயில் நிலையச் சதுக்கத்தில் திறந்தபோதே ஊரே நீர்யானை என்று சிரித்ததாம். இங்கே எங்களுக்குக் கிடைத்தது, கவிழ்ந்த ரயிலின் கூரையை அவர் தோளில் தாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதை. எனக்கு வேண்டியது வேறு கதை. அப்பா கொல்லப்பட்ட ஆண்டிலேயே, ஆகஸ்டில், மூன்று வருடத்துக்கு மட்டும் என்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் விரும்பினால் நீதிமன்றம் இல்லாமலே ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம், கூட்டத்தைத் தடுக்கலாம், பத்திரிகையை மூடலாம். அந்த மூன்று வருடத்தை நீட்டி நீட்டியே 1917 வரை கொண்டுபோனார்கள். 1887-இல் இன்னொரு சுற்றறிக்கை, வண்டிக்காரன், சமையல்காரி, சலவைக்காரி பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டாமென்று. இதைக் கைடிடம் கேட்டதும் அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, என் பாட்டியின் அம்மா சலவைக்காரிதான் என்றார். அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது, மனப்பாடம் செய்தது கொஞ்சம் ஒதுங்கி ஆள் வெளியே வந்தார். இந்த விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் அவருக்கு மட்டும்.

அரண்மனைச் சதுக்கத்தில் புகைப்படத்துக்கு இருபது நிமிடம். 1905 ஜனவரி 9, ஞாயிறு, பாதிரியார் கபோன் பின்னால் தொழிலாளர்கள் திருவுருவங்களையும் கடைசி ஜார் இரண்டாம் நிக்கொலாயின் படத்தையுமே ஏந்திக்கொண்டு இங்கே வர முயன்றார்கள். கையில் மனு, எட்டு மணி நேர வேலை, நாளுக்கு ஒரு ரூபிள் கூலி, அரசியல் நிர்ணய சபை. சுட்டார்கள், அரசின் கணக்கிலேயே நூற்றுக்கும் மேல் சாவு. ஜார் அன்று அரண்மனையில் இல்லை என்பதைக் கைடு இரண்டு தடவை சொன்னார், நிறுவனம் எழுதிக் கொடுத்த வரியாக இருக்கும். அப்புறம் துரோய்த்ஸ்கி பாலத்தின் மேல் வேன் போகும்போது, இதன் மறுகரையிலும் அன்று சுட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாரே, அது அவருடைய வரி.

அதற்கு முன் யூசுப்பவ் மாளிகையில் வெட்டியாகக் கழிந்த முக்கால் மணி நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலவறையில், அரச குடும்பத்தோடு நெருங்கிப் பழகி இங்கே கொல்லப்பட்ட சாமியார் ரஸ்புதினின் மெழுகு பொம்மை மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பணம் கட்டியிருந்தார்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசி நிறுத்தம் பீட்டர் பால் கோட்டை. தேவாலயத்தில் ஜார்களின் வெள்ளைக் கல்லறைகள், பக்கத்துச் சிற்றறையில் 1998-இல் கொண்டுவந்து புதைத்த இரண்டாம் நிக்கொலாய், மனைவி, மூன்று மகள்கள். எல்லோரும் அங்கே நின்றார்கள், நாங்கள் இருவர் மட்டும் கைடைக் கெஞ்சி, கோட்டைக்குள் அரசியல் கைதிகளை அடைத்த துருபெத்ஸ்காய் கொத்தளச் சிறைக்குப் போனோம். சுற்றில் அதற்கு ஒதுக்கியிருந்தது வெறும் பதினைந்து நிமிடம், என்னைக் கேட்டால் காலையிலேயே இங்கே வந்திருக்க வேண்டும். நீண்ட வளைவு நடை, வரிசையாகத் தடித்த கதவுகள், ஒவ்வொன்றிலும் காவலன் எட்டிப்பார்க்க ஒரு துவாரம். உள்ளே இரும்புக் கட்டில், இரும்பு மேசை, எட்டாத உயரத்தில் சன்னல். புரட்சிக்காரி வேரா ஃபிக்னர் இங்கே இருந்தார், லெனினின் அண்ணன் இருந்தார், எழுத்தாளர் கார்க்கி இருந்தார். பேசக்கூடாது என்பதால் சுவரில் தட்டியே பேசினார்கள். எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, முதலில் எத்தனையாவது வரிசை, பிறகு அதில் எத்தனையாவது எழுத்து. கைடு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க, என் மனைவி தன் பெயரைச் சுவரில் தட்டினாள், இந்தப் பக்கம் நின்ற நான் மூன்றாவது எழுத்திலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டேன். 1917-இல் ஜார் ஆட்சி கவிழ்ந்ததும் ஜாரின் அமைச்சர்களையே பிடித்து வந்து இதே அறைகளில் அடைத்தார்கள். சில மாதம் கழித்து, அவர்களை அடைத்த தற்காலிக அரசின் அமைச்சர்களும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

நாங்கள் போனது மார்ச் 8, மகளிர் தினம். தெருமுனையெல்லாம் மஞ்சள் மிமோசாப் பூக்கொத்து, வேன் ஓட்டுநர்கூடக் கைடுக்கு ஒன்று கொடுத்தார். பழைய நாட்காட்டிப்படி அந்த நாள் பிப்ரவரி 23. 1917-இல் இதே நாளில்தான் வைபர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள், சரியாக ஒரு வாரத்தில் ப்ஸ்கோவ் நிலையத்தில், ரயில் பெட்டிக்குள், நிக்கொலாய் முடியைத் துறந்தார். கடைசி ஜார்கள் என்று பெயர் வைத்த சுற்றில், அந்த நாளிலேயே, அதை யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் கைடு பூங்கொத்தைப் பார்த்துச் சிரித்தார், இதைப் பள்ளியில் படித்தேன், இங்கே சொல்ல நேரம் கொடுக்கவில்லை என்றார்.

போகிறவர்களுக்கு: நம் ஊர் விசா கார்டு, மாஸ்டர் கார்டு அங்கே வேலை செய்யாது, ரொக்கமாகக் கொண்டுபோங்கள். புதன்கிழமையைத் தவிருங்கள், மீட்பர் தேவாலயத்துக்கும் கோட்டைச் சிறைக்கும் விடுமுறை. காலையில் கோட்டைக்குப் போனால் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிக்கும், எங்களைப்போல் திடுக்கிடாதீர்கள். சுற்றில் சேர்வதாக இருந்தால் ரிசீவரை வாங்கிய இடத்திலேயே போட்டுப் பாருங்கள்.