சிகப்பு ரோஜாக்கள்: மறுபார்வையில்

பாரதிராஜா இயக்கி 1978இல் வெளிவந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். அன்றிரவு வராந்தா விளக்கை அணைக்க எவருக்கும் துணிவு வரவில்லை. சென்ற வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக மீண்டும் பார்த்தேன்.

அன்று நடுங்க வைத்த கறுப்புப் பூனை இன்று வெறும் பூனையாகத்தான் தெரிகிறது. கொல்லப்பட்ட பெண்களைப் புதைத்த மண்ணில் ரோஜாச் செடிகள் தழைக்கும் கற்பனை மட்டும் இன்னும் குளிரூட்டுகிறது. ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ ஆகிய இரண்டு கிராமத்துக் கதைகளுக்கு அடுத்து, நகரத்துப் பணக்காரன் ஒருவனின் மாளிகைக்குள் புகுந்த பாரதிராஜாவுக்கு, பி. எஸ். நிவாஸின் கேமராவும் இளையராஜாவின் பின்னணி இசையும் பெரும் பலம். பாடல்கள் இரண்டே என்பதால் அச்சத்தின் இழை அதிகம் அறுபடுவதில்லை.

இளமையில் என் கண்கள் கொலைகாரன் திலீப்பாக வரும் கமல்ஹாசனை விட்டு அகலவில்லை; இம்முறை அகலாமல் நின்றது ஸ்ரீதேவியின் மீது. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 15 தான் என்பதை நினைத்தால் திகைப்பும், அந்தச் சிறுமியை மனைவி வேடத்தில் நிறுத்தியதை எண்ணிச் சங்கடமும் ஒருசேர எழுகின்றன. திலீப்பின் கடந்த காலத்தைச் சுவர் எழுத்துகளில் படித்தறியும் இடத்தில், பெரிதாக அலறாமல் விழிகளாலேயே அவர் கலங்கிப்போவது, கத்தியைக் காட்டும் காட்சிகளைவிடக் கூர்மையானது.

படம் சறுக்குவது அந்தக் கடந்த காலத்தில்தான். சிறுவனாக இருந்த திலீப்புக்குத் தீங்கிழைத்தவள் ஒரு பெண், வளர்ப்புத் தந்தைக்குத் துரோகம் செய்தவள் இன்னொரு பெண் என்று அடுக்கி, கொலைகாரனின் வெறுப்புக்குத் திரைக்கதையே வக்காலத்து வாங்குகிறது. பெண்களே இப்படித்தான், குத்துங்கள் என்று அச்சிறுவன் தன் எசமானான அந்த வளர்ப்புத் தந்தையைத் தூண்டும் புகழ்பெற்ற வசனத்துக்கு விடுதியில் விசில் பறந்தது; என் விசிலும் அதில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ஆயினும் பார்க்க வேண்டிய படம்தான். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் பார்க்காதீர்கள். இசையின் பாதி அதில் காணாமல் போய்விடும்.