கூட்டு ஆராய்ச்சியா, ரெடிமேட் சிஸ்டமா? ரெண்டுலயும் காசு போட்டவன் சொல்றேன்

சிங்கப்பூர் லிம் சூ காங்ல எங்களோடது சின்ன கீரைப் பண்ணை, மூணே பேரு. ரேக், எல்இடி, டேங்க், கன்ட்ரோலர் எல்லாம் ஒரே பேக்கேஜா வெளிநாட்டு வெண்டர்கிட்ட வாங்கி முதல் ரூம போட்டோம், ரெண்டாவது ரூமுக்கு ஒரு பாலிடெக்னிக்கோட சேர்ந்து கூட்டு ஆராய்ச்சியில இறங்கினோம். என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், இப்பவே சொல்லிடறேன்.

ரெடிமேட் வேகம், அதுல பேச்சே இல்ல. கூட்டு ஆராய்ச்சியில ஒப்பந்தம் பேசியே மாசக்கணக்கா போச்சு. 2021ல 60 மில்லியன் வெள்ளியில பண்ணைகளுக்கான அரசாங்க மானியம், ஏசிடி ஃபண்ட், வந்துச்சே, அந்த மாதிரி கிராண்ட்ல எல்லாம் முதல்ல நாம கைக்காசு கட்டிட்டு அப்புறம்தான் கிளெய்ம், கையில ரொக்கம் இல்லாதவங்க யோசிச்சுக்கங்க.

ஆனா ஆள அடிக்கிறது பராமரிப்புதான். ரெடிமேட் கன்ட்ரோலர் பாஸ்வேர்டு வெண்டர்கிட்ட இருக்கு. ஒரு சனிக்கிழமை ராத்திரி உரம் கலக்கற பம்ப் நின்னுடுச்சு, அவங்க ஊர்ல லீவு, புதன்கிழமை வரைக்கும் நாங்க வாளியில கலக்கி தண்ணியில உரம் எவ்ளோ இருக்குன்னு காட்டற ஈசி மீட்டர விட்டுப் பார்த்து பார்த்து ஊத்தினோம். இன்னொரு தடவ லெட்யூஸ்ல உள் இலை ஓரமெல்லாம் கருகுது, கேட்டா கால்சியம் இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்குங்கன்னாங்க. பாலிடெக்னிக்லேர்ந்து வந்த பொண்ணு டிஷ்யூ பேப்பர நீளமா கிழிச்சு செடிக்கு நடுவுல தொங்க விட்டுச்சு, ஆடவே இல்ல. காத்து ஓடலன்னா இலையிலேர்ந்து தண்ணி ஆவியாகாது, தண்ணியோட ஏறற கால்சியமும் குருத்துக்குப் போய்ச் சேராது, டேங்க்ல எவ்ளோ கொட்டினாலும் வேஸ்ட்டு. ரெண்டு ஃபேன திருப்பி வெச்சோம், சரியாப் போச்சு.

கரண்ட் பில்லும் இதே கதைதான் லா. எத்தன மணி நேரம் லைட்ட கொறைச்சா கீரை தாங்கும்னு ட்ரே ட்ரேயா எடை போட்டு நோட்டுல எழுதினோம், லைட் விக்கிறவன் இத ஏன் செய்யப் போறான்? ஸ்கை கிரீன்ஸ் பண்ணையோட அடுக்கு டவர் ஞாபகம் இருக்கா, அப்போ உணவு, பண்ணைகள பார்த்துக்கிட்ட அரசாங்க அமைப்பு ஏவிஏவோட கூட்டு சேர்ந்து உருவாக்கி 2012ல கீரை விக்க ஆரம்பிச்சாங்களே, தண்ணி விசையில சுத்தும், வெயில்ல வளரும். கரண்ட் செலவ முதல்லயே கணக்குல வெச்சு செஞ்சது.

குறை இல்லாம இல்ல. எங்க ஒப்பந்தத்துல கண்டுபிடிப்பு உரிமை பாலிடெக்னிக்குக்கு, பயன்படுத்தற அனுமதி மட்டும்தான் எங்களுக்கு. அந்தப் பொண்ணும் படிப்பு முடிச்சுப் போயிடுச்சு, புதுசா வந்த பையனுக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. அதோட நான் பேசறது இலைக்கீரைய வெச்சு, அதுவும் ஒரே ஒரு ப்ராஜெக்ட்ட வெச்சு, மீன் பண்ணைக்காரங்க கணக்கே வேற.

2019ல அரசாங்கம் சொன்ன, 2030க்குள்ள நம்ம ஊட்டச்சத்துத் தேவையில 30 சதவீதத்த உள்ளூர்லயே விளைவிக்கணும்ங்கற இலக்கையே 2025 நவம்பர்ல எடுத்துட்டு, 2035க்குள்ள காய்கறி பக்கம் 20, புரதம் பக்கம் 30 சதவீதம்னு மாத்திட்டாங்க. இந்த நிலைமையில பத்து வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு வெண்டர் காட்டற சார்ட்ட நம்பி கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல.

முதல் ரூம் ரேக்க வித்துடலாம்னு கேட்டுப் பார்த்தோம், பழைய சாமான் வாங்கற காராங் குனிக்காரர் கிலோ கணக்குல விலை சொன்னாரு. விக்கல, இப்ப நாத்து ட்ரே அடுக்க ஆகுது.