சீனி வருத்தப் பூனை வைத்திருப்பவர்கள் அவதானம்: என் 18,500 ரூபாய் போன கதை

இதை எழுதும்போது எங்கள் குண்டன் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏறியபடி கிடக்கிறான். பதினொரு வயதுக் கடுவன். போன மாதம்தான் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்தது. வைத்தியர் இன்சுலின் எழுதித் தந்தார், காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட். மட்டக்களப்பு டவுன் முழுக்க ஏறி இறங்கியும் அந்த மருந்து கிடைக்கவில்லை. அப்போதுதான் செல்லப்பிராணி மருந்துகளை இணையத்தில் விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது.

"மருந்து மட்டும் எதுக்கு அக்கா? முழு பெக்கேஜ் எடுங்க. முப்பது ஊசியும் சாப்பாட்டு அட்டவணையும் இரிக்கு. எங்கட பூனைக்கும் இதுதான்" என்று ஒரு தம்பி குரல்பதிவு அனுப்பினான். பின்னால் ஒரு பூனை கத்துவதும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் நான் கவிழ்ந்தேன். 18,500 ரூபாயையும் அன்றைக்கே வங்கியில் போட்டேன்.

அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலை 6 மணிக்கு ஊசி, 8 மணிக்குச் சாப்பாடு! இரண்டு நாள் சமாளித்தான். மூன்றாம் நாள் ஊசிக்கு முதலே வைத்த சூடை மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற நாட்களில் மனிசருக்கே பசி இல்லை. சாப்பிடமாட்டேன் என்கிறான், ஊசி போடலாமா என்று கேட்டேன். "போடுங்க அக்கா, நேரம் தவறக்கூடாது, பசி தானா வரும்" என்று பதில் வந்தது. போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

ஒன்பது மணிக்குப் பின்னங்கால் இழுத்தது. கட்டிலில் ஏறப் பார்த்து விழுந்தான், முகம் வெட்டி வெட்டி இழுத்தது. வைத்தியருக்கு கோல் எடுத்தேன். ஈறில் தேன் தடவிக்கொண்டே வரச் சொன்னார். கல்லடிப் பாலத்தில் ஓட்டோ நின்ற ஐந்து நிமிடம் எனக்கு ஐந்து வருடம்.

வைத்தியர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்து யு-100, அதாவது ஒரு மில்லிலீட்டரில் 100 யூனிட். ஊசி யு-40, மில்லிலீட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குக் கோடு போட்டது. அந்த ஊசியில் ஒரு கோடு இழுத்தால் இரண்டரை யூனிட் உள்ளே போகும். அதுவும் வெறும் வயிற்றில். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். முதலில் "டொக்டரிட்டதான் கேட்டிருக்கணும்" என்றார்கள். அப்புறம் "பெட்டி உடைச்சா காசு திருப்ப ஏலாது." அப்புறம் "மனேஜர் திங்கள் வருவார்." திங்கள் என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். ஊசி மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 18,500 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புக்கூட வரவில்லை!

சாப்பாடும் ஊசியும் எப்படிக் கொடுப்பது என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: முதலில் சாப்பிடுகிறதா பாருங்கள், பிறகுதான் ஊசி. இரண்டு ஊசிக்கும் நடுவே 12 மணித்தியாலம். சாப்பிடாவிட்டால், சத்தி எடுத்தால், ஊசி போடாமல் வைத்தியருக்கு கோல் எடுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள். போத்தலில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தள்ளாடினால் ஈறில் தேன், உடனே வாகனம். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், புரை ஏறும்.

கிளினிக்கில் இருந்து கோல் வருகிறது, போகிறேன். மிச்ச இருபத்தைந்து ஊசியும் மேசையில் இருக்கிறது, ஒருவரும் கேட்க வேண்டாம்.