முதுகுப்பையும் மலைப் பேருந்தும்: நீலகிரியில் ஒரு டிசம்பர்

காரமடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நீலகிரி தெரியும். அதனாலேயோ என்னவோ, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்வரை அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே தவிர, சுற்றியதில்லை. சென்ற டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் இருவரை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஒருவர் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த அலுவலக நண்பர். மற்றவர் இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்து இப்போது லண்டன்வாசியாகிவிட்ட தோழி. வாடகைக் கார் வைத்துக்கொள்வதில்லை. முதுகில் ஒரு பை, அரசுப் பேருந்து, ரயில், மிச்சத்துக்குக் கால் என்பதே ஏற்பாடு. “கார் வெக்க வக்கில்லாத மாதிரி எதுக்குக் கண்ணு மூட்டையத் தூக்கீட்டு அலையோணும்?” என்று அம்மா மட்டும் கேட்டார்.

மலையில் பொதுச் சேவைகள் எப்படி இருக்கின்றன என்று வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால், பார்த்ததை எழுதிவைக்கிறேன். என் கணிப்பு இதுதான்: கவுன்ட்டரிலும் கண்டக்டர் கையிலும் இருக்கிற சேவைகள் பெரும்பாலும் குறையில்லாமல் நடக்கின்றன, கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற சேவைகள், இந்திய எண் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

மலை ரயிலில்தான் தொடங்க நினைத்திருந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் வண்டிக்கு, 60 நாளுக்கு முன் முன்பதிவு திறந்த அன்றே அப்பாவின் கணக்கில் டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிவதும் பாறை உருள்வதும் ஆண்டுதோறும் நடப்பவை. முந்தின நாள் மழையில் தண்டவாளத்தின்மேல் மண் விழுந்து வண்டி ரத்து என்று இரவே குறுஞ்செய்தி வந்துவிட்டது. ரயிலே ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு நாம் எதுவும் செய்யவேண்டியதில்லை, பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பிவிடும். கவுன்ட்டரில் எடுத்தவர்கள்தான் சீட்டோடு போய் நிற்கவேண்டும். எங்கள் பணம் சில நாட்களில் வந்துவிட்டது, சேவைக் கட்டணம் நீங்கலாக. அந்தக் குறுஞ்செய்தி வந்தது அப்பாவின் இந்திய எண்ணுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எண் இல்லாதிருந்தால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்துக்குப் போய்த்தான் விஷயம் தெரிந்திருக்கும்.

ஆகவே பேருந்து. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. முதுகுப்பைகளைப் பார்த்ததும் கண்டக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, இரண்டைக் கடைசி இருக்கைக்கு அடியிலும் ஒன்றை ஓட்டுநருக்குப் பக்கத்திலுமாகத் தாமே அடுக்கி, “படியில மட்டும் வெக்காதீங்க, எறங்கறவங்க தடுக்கி உழுந்துருவாங்க” என்றார். ஏழாவது வளைவுக்குள் ஈப்போ நண்பருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலிருந்த பாட்டி கேட்காமலேயே மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பி வாங்கவுமில்லை.

பர்லியார் சோதனைச்சாவடியில் பணியாளர் ஒருவர் வண்டிக்குள் ஏறி பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை இருப்பது ஏட்டளவில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்கு மாற்றாகச் சாலையோரங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், 5 ரூபாய் நாணயத்தைப் போட்டால் ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓரிடத்தில் எந்திரம் நாணயத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. இன்னோரிடத்தில் கதவே பூட்டியிருந்தது. பாட்டிலைப் பறிக்கிற கண்டிப்பில் பாதியாவது எந்திரத்தைப் பராமரிப்பதில் இருக்க வேண்டாமா? எவர்சில்வர் பாட்டிலோடும் கொஞ்சம் 5 ரூபாய் நாணயங்களோடும் போவது உத்தமம்.

கீழ்ப்பகுதி மூடிக் கிடந்தாலும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன்பதிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை; கவுன்ட்டரில் வரிசையில் நின்றால் சாதாரண டிக்கெட் கிடைக்கும். காத்திருந்த நேரத்தில் நிலைய ஊழியர் ஒருவர், ஈப்போ நண்பர் தண்டவாளத்தையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, பல்சட்டம் முடிகிற இடத்தைச் சுட்டிக்காட்டினார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டினாற்போல் கிடக்கின்றன. ஒன்றின் பல் இருக்கிற இடத்துக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு தள்ளிப் பதித்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல்லையாவது பற்றிக்கொண்டிருக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள ஏற்றத்துக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. அங்கே எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்கிறார். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் ஊட்டி வரையிலும் திறந்த பாதை இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டரை ஏறிக் கடக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் பேருந்தில் போகலாம். நாங்கள் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று டீசல் எஞ்சின் இழுத்த பாதியை மட்டும் ருசித்துவிட்டு ஊட்டியில் இறங்கினோம்.

ஊட்டியில்தான் உண்மையான சிக்கல். ஒரு விடுதியில் அறை காலியிருப்பதாகச் சொல்லி, பைகளை இறக்கவும் விட்டுவிட்டு, கடவுச்சீட்டுகளைப் பார்த்ததும் மேலாளரின் முகம் மாறியது. “ஃபாரின் பாஸ்போர்ட்டுன்னா எங்களால ரூம் தர முடியாதுங்க. தமிழ்தான் பேசறீங்க, எனக்குப் புரியுது. ஆனா ரூல் அப்படி.” அவரைக் குறைசொல்ல முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள விருந்தினர் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கெனப் பதிவுசெய்து கணக்கு வைத்திராத சிறிய விடுதிகள் வம்பெதற்கு என்று கைவிரித்துவிடுகின்றன. எங்களில் இந்தியக் கடவுச்சீட்டு என்னிடம் மட்டுமே இருந்தது. “அப்ப நான் மட்டும் உள்ளே, இவங்க ரெண்டு பேரும் பனியிலயா?” என்று கேட்டதற்கு அவர் சங்கடமாகச் சிரித்தார். அதைவிட உருப்படியாக ஒன்று செய்தார்: படிவம் நிரப்பத் தெரிந்த இன்னொரு விடுதிக்குத் தாமே தொலைபேசியில் பேசி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். முன்பதிவுச் செயலிகள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அறை எடுப்பதற்கு முன் தொலைபேசியில் “வெளிநாட்டுக் கடவுச்சீட்டு ஏற்பீர்களா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், உறைபனி இறங்குகிற டிசம்பர் இரவில் பையோடு தெருவில் நிற்க வேண்டியிராது.

பணம் கொடுக்கிற விஷயமும் கடவுச்சீட்டைப் போலவே ஆளுக்கு ஆள் வேறுபட்டது. என்.ஆர்.ஈ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்கோடு சிங்கப்பூர் எண்ணை இணைத்து யு.பி.ஐ. வைத்திருந்ததால் எனக்குச் சுண்டல்காரர் வரைக்கும் தடையில்லை. மற்ற இருவருக்கும் இந்திய வங்கிக் கணக்கும் இல்லை, உள்ளூர் சிம்மும் இல்லை. கடன் அட்டையைப் பெரிய ஓட்டல்களைத் தவிர யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரொக்கம் கொடுத்தால் சில்லறைத் தட்டுப்பாடு. முடிவில் நான் எல்லாருக்கும் கட்டுவதும், இரவில் மூவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுமாகப் போயிற்று.

கோத்தகிரிக்குப் போன பேருந்தில் லண்டன் தோழி காசை நீட்ட, கண்டக்டர் வாங்காமல் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சமவெளியில் 2021 முதல் நடைமுறையில் இருக்கும் மகளிர் இலவசப் பயணம், 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்துவிட்டது. தான் வெளிநாட்டுக்காரி, பணம் கொடுத்தே வருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு, “பொம்பளைங்களுக்கு ஃப்ரீம்மா. லண்டன் பொம்பளைன்னு தனியாச் சீட்டு எங்கிட்ட இல்ல” என்று பதில் வந்தது. பேருந்தே சிரித்தது.

கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்கு நடை. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலமெங்கும் 40 தடங்கள் உள்ளன. இது அவற்றில் எளிய ஒன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரைப் பலிகொண்ட பிறகு, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அது சரியான கட்டுப்பாடுதான். ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் மிஞ்சியிருக்கும் இந்தச் சோலை, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்தப் பக்கத்து இளைஞர். தவிட்டு நிறப் பறவை ஒன்று புதருக்குள்ளிருந்து கெக்கலித்தபோது, பார்க்காமலேயே “சிரிப்பான்” என்றார். அட்டைகளுக்கென்று துணியில் உப்பு முடிந்து வைத்திருந்தார். நண்பரின் கணுக்காலில் ஒட்டியிருந்ததன்மேல் அதை ஒற்றியதும் அட்டை சுருண்டு விழுந்தது. நண்பரின் கூச்சல்தான் அடங்க நேரமாயிற்று. திரும்புகிற வழியில் வழிகாட்டி சட்டென்று உள்ளங்கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். தேயிலைச் சரிவில் ஒற்றைக் காட்டுமாடு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல, எங்களைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது நகரும்வரை நாங்களும் நகரவில்லை. தனியார் ஆட்கள் எத்தனையோ பேர் காட்டும் பகட்டு எதுவும் இல்லாத, ஒழுங்கான சேவை.

மறுநாள் மழையில் பேருந்து நிலையப் படியில் ஈப்போ நண்பர் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அரசு மருத்துவமனையில் பெயர், வயது, ஊர் கேட்டு ஓ.பி. சீட்டு எழுதினார்கள், ஊர் என்ற இடத்தில் “ஈப்போ” என்பதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்களே தவிர, வேறு கேள்வியில்லை. எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்பில் பழுதில்லை என்று சொல்லி, கட்டும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். பணம் எங்கே கட்டுவது என்று அவர் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். அங்கே பணம் கட்டுகிற இடமே இல்லை என்று புரியவைக்க வேண்டியிருந்தது. பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப ரசீது கிடைக்காததுதான் அவருக்கு வருத்தம்.

கழிப்பறைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தோழி என்னை விடமாட்டார். நாங்கள் மாறி ஏறிய பேருந்து நிலையங்களில் கட்டணக் கழிப்பறை இருந்தது, கட்டணம் வாங்க ஆளும் இருந்தார். தண்ணீரும் தாழ்ப்பாளும்தான் சில இடங்களில் இல்லை. பெண்களுக்குப் பேருந்தை இலவசமாக்கிய ஊரில் இதற்கு ஒரு வழி பிறக்கவில்லை என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கும் மறுப்பில்லை.

அவர் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் வேறு. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியா திரும்பியவர்களில் அவருடைய பெரியம்மா குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிப் பின்னாளில் கழகமாயிற்று. அந்தத் தோட்டத்துக்குப் போகும் பேருந்தின் நேரம் எந்தச் செயலியிலும் இல்லை, நிலையத்துப் பலகையிலும் இல்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் மனப்பாடம். அவர் வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டியும் டீயும் கொடுத்துவிட்டு, “இப்ப போற வண்டி திரும்பி வந்து அஞ்சே முக்காலுக்கு மறுபடி போவும். அதை உட்டுட்டா தோட்டத்து லைன் வீட்லயே படுக்க வேண்டியதுதான்” என்றார். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதற்காக டீக்கடை விலை ஏறவில்லை.

பெரியம்மா எங்களை விடுவதாயில்லை. கறுப்புத் தேநீர், சோறு, மறுபடி தேநீர் என்று நேரம் போய், நாங்கள் சாலைக்கு ஓடிவந்தபோது பேருந்து திரும்பி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தியிருந்தார். காலையில் மூன்று பேரை இறக்கிவிட்டது நினைவிருந்ததால் கண்டக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வண்டியில் இருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, ஒரு பெரியவர் மட்டும், “பெரியம்மா சாப்பாடு போட்டுத்தான அனுப்புனாங்க?” என்று விசாரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி மிச்சம். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். உள்நாட்டவர் கைபேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டவர் மின்னஞ்சலைக் கொண்டும் பதியலாம். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. 2025-ல் நீலகிரிக்கு அது வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அந்த மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி வாகனங்களைத் திருப்பிவிடுவதும் உண்டு என்பதால், விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இறங்குவதற்கு அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.