மந்தை அருகே நாயைப் பழக்க 10 மீட்டர் கயிறு: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

ஆட்டைக் கண்டதும் நாய் வாயை மூடி, காதை முன்னே நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கும். அடுத்தது பாய்ச்சல்தான். கடி படாவிட்டாலும் துரத்தலிலேயே சினை ஆட்டுக்குக் கரு கலையலாம்; மிரண்ட மந்தை வேலி மூலையில் நெரிந்து சாகலாம். கூப்பிட்டதும் திரும்பும் பழக்கம் ஊறும்வரை நீளக் கயிறு கட்டாயம்.

பருத்திக் கயிறு கைக்கு இதம், ஆனால் நனைந்தால் கனக்கும். சாணமும் சேறும் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். நைலான் நாடா மலிவு, இழுவையும் தாங்கும். நாய் ஓடும்போது உருவிக்கொண்டு போய் உள்ளங்கைத் தோலைச் சுட்டுவிடும். எங்கள் தேர்வு, பாலியெஸ்டர் நாடாமேல் பிளாஸ்டிக் பூச்சு போட்ட வகை. தண்ணீர் குடிக்காது, ஓர் அலசில் சாணம் போய்விடும். ஈரத்தில் வழுக்குவதுதான் குறை. கையுறை இதற்கும் வேண்டும். பூச்சு வெடித்து உள்நாடா தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கயிற்றைவிடக் கொக்கியை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் முறிவது சுழலும் மூட்டில்தான். கனமான பித்தளைக் கொக்கி நல்லது. மூட்டு தடையின்றிச் சுழலாவிட்டால் கயிறு முறுக்கிக்கொள்ளும். மறுமுனையில் கைப்பிடி வளையம் இருந்தால் வெட்டிவிடுங்கள். தரையில் இழுபடும்போது அது கட்டையிலும் வேரிலும் மாட்டும்.

கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. 10 மீட்டர் ஓடிவந்த வேகம் மொத்தமும் மூச்சுக்குழாயில் இறங்கும். மார்புப்பட்டையின் முதுகு வளையமே சரியான இடம். முழு நீளமும் மந்தை தொலைவில் இருக்கும்போதுதான். நெருங்க நெருங்கக் கயிற்றைச் சுருக்கி 2, 3 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பெயர் சொன்னதும் நாய் தலையைத் திருப்பும் தூரத்தில் தொடங்குங்கள், அது 50 மீட்டரானாலும் சரி. உறைந்து நின்றால் வெடுக்கென்று இழுக்காமல், நடந்து தள்ளிப்போய் அங்கே தீனி கொடுங்கள்.

பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் பெட்டி வார் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. மெல்லிய இழை ஆட்டின் காலை அறுக்கும். கை நழுவினால் பெட்டி சடசடவென்று பின்னாலேயே வர, மிரண்ட நாய் நேராக மந்தைக்குள் பாயும்.

கயிற்றைக் கையில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ வேண்டாம். கன்று ஈன்ற பசு நாயைக் கண்டால் முட்ட வரும். அந்தக் கணத்தில் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிக்கும். பிடித்திருந்தால் நாயோடு உங்களையும் மிதிக்கும்.

நீளக் கயிறு நாய்க்குச் சாணத்தையும் எட்டவைக்கிறது. கால்நடைக்கு ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அதன் எச்சம் சாணத்தில் இருக்கும். கோலி இன நாய்கள் பலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த மருந்து மூளையைத் தாக்கும் மரபணுக் குறை உண்டு. மருந்து கொடுத்த மந்தை மேயும் நிலத்தில் சில வாரங்களுக்குக் கயிற்றைக் குட்டையாகவே பிடியுங்கள்.