கவுன்சில் பேப்பரில் ஜிம், உள்ளே அம்மா: லண்டனில் அனெக்ஸ் கட்ட இருப்பவர்களுக்கு

லண்டனில் வீட்டின் பின்வளவில் அம்மா அப்பாவுக்கென்று ஒரு அனெக்ஸ், அதாவது பெரிய வீட்டுக்குத் துணையாக ஒரு சின்ன இருப்பிடம், கட்ட யோசிப்பவர்கள், இதை வாசித்துவிட்டு ஆளைப் பிடியுங்கள். "பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை அண்ணை, சர்டிபிகேட் எடுத்துத் தாறன்" என்று சொல்லிக்கொண்டு, எங்கள் ஆக்களுக்குள்ளேயே சிலர் படம் கீறித் திரிகிறார்கள். எங்களிடம் காசு வாங்கியவரும் அப்படி ஒருவர்தான்.

அம்மாவுக்குப் படி ஏற முடியாது, அவர் இருப்பதற்குத்தான் கட்டுகிறோம் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னோம். படுக்கையறை, குளியலறை, சின்னக் குசினி எல்லாம் வைத்து வடிவாக ஒரு படம் தந்தார். கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி மன்றத்துக்கு) போனது வேறு படம். அதில் குசினியும் இல்லை, கட்டிலும் இல்லை. ஒரு பக்கம் 'ஜிம்', மறுபக்கம் 'ஸ்டோர்'. அதைப் பார்த்துக் கவுன்சில், பெர்மிஷன் இல்லாமலே கட்டலாம் என்று உறுதிசெய்யும் லோஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டது. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த சர்டிபிகேட் போட்டோவில் முத்திரையும் எங்கள் விலாசமும் இருந்தன. எதற்கான சர்டிபிகேட் என்று எழுதியிருந்த பகுதி வெட்டப்பட்டிருந்தது. அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. கவுன்சில் கணக்கில் அவர் ஜிம்முக்குள் படுத்துறங்குகிறார்.

இங்கிலாந்தில் இதற்கான விதி ஒன்றும் பெரிய இரகசியமில்லை. தோட்டத்தில் ஷெட், ஜிம், ஆபீஸ் அறை போன்றவற்றைப் பெர்மிஷன் இல்லாமல் கட்டலாம். வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் மூடக்கூடாது என்று சில அளவுகள் உண்டு. ஆனால் அந்தச் சலுகை வீட்டு வாழ்க்கைக்குத் துணையான காரியங்களுக்கு மட்டும்தான். ஒருவர் அங்கேயே படுத்து, சமைத்து, குடியிருப்பதற்கு அது பொருந்தாது. அதற்கு முறையாகப் பிளானிங் அப்ளிகேஷன் போடவேண்டும். கவுன்சில் முடிவு சொல்ல வழக்கமான கெடு எட்டு வாரம். மறுத்துவிட்டால் கட்டுகிற வேலை போய்விடும் என்ற பயம் படம் கீறியவருக்கு இருந்திருக்கும்.

யாரோ முறைப்பாடு கொடுக்க, கட்டிட விதிமீறல்களை விசாரிக்கும் கவுன்சிலின் என்ஃபோர்ஸ்மென்ட் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். குசினியை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. பக்கத்துச் சந்தின் கேட்டுக்குப் போய், அங்கே பொருத்தியிருந்த சின்னத் தபால் பெட்டியைத்தான் முதலில் படம் எடுத்தார். எங்கள் வீட்டு எண்ணோடு 'ஏ' என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் தனி அழைப்பு மணி, உள்ளே தனிக் கரண்ட் மீட்டர். மூன்றையும் நாங்கள் கேட்கவில்லை. "பிறகு வாடகைக்கு விட வசதியா இருக்கும்" என்று சொல்லி, படம் கீறின அந்த மனுசனே பொருத்திவிட்டுப் போனது. அம்மா எங்கே சாப்பிடுகிறார், கடிதம் எந்தக் கதவுக்கு வருகிறது, வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போவீர்கள் என்றெல்லாம் அதிகாரி கேட்டார். பிறகு நாங்கள் பிடித்த பிளானர் (பிளானிங் விதிகளில் ஆலோசனை சொல்பவர்) விளக்கினார்: தனிக் குசினி இருப்பதாலேயே ஒரு அனெக்ஸ் தனி வீடு ஆகிவிடாது என்று 1992லேயே நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம். பெரிய வீட்டோடு சேர்ந்த வாழ்க்கையா, தனிக்குடித்தனமா என்பதுதான் கேள்வி. அந்த மணியும் பெட்டியும் மீட்டரும் சேர்ந்து எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

இன்னொன்று. "நாலு வருஷம் சத்தம் போடாமல் இருங்கோ, பிறகு ஒருத்தரும் கேட்கேலாது" என்றும் படம் கீறியவர் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் அந்த நாலு வருடக் கதை 2024 ஏப்ரல் 25உடன் முடிந்தது. அதற்குப் பிந்திய கட்டிடங்களுக்குப் பத்து வருடம். ஏமாற்றி மறைத்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் வைக்கோல் களஞ்சியம் என்று பெர்மிஷன் எடுத்து, உள்ளே வீடு கட்டி நாலு வருடம் இருந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். எங்கள் சர்டிபிகேட் அப்ளிகேஷனும் என் பெயரில்தான் போயிருக்கிறது. அதில் தெரிந்தே பொய் விவரம் கொடுப்பது குற்றம். கவுன்சிலுக்குப் போன அந்த ஜிம் படம் எனக்குக் காட்டப்படவேயில்லை என்பதை வாட்ஸ்அப் செய்திகளை வைத்துத்தான் விளக்கவேண்டியிருந்தது. அதனால் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

கட்டுமானத் தரத்தைச் சோதிக்கும் பில்டிங் கண்ட்ரோல் பக்கமும் அவர் போகவில்லை. ஆள் படுக்கிற கட்டிடம் என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் உண்டு. கவுன்சில் டாக்ஸ் வராது என்றதும் பொய். அனெக்ஸுக்குத் தனி பேண்ட் (வரிப் பிரிவு) போட முடியும். குடும்பத்தவர் இருந்தால் பாதிக் கழிவு, தங்கியிருக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட உறவினர் என்றால் விலக்கு, இவையும் கேட்டு எடுக்க வேண்டியவை.

கட்டிய பிறகு போடும் அப்ளிகேஷன் போட்டோம். பெட்டியும் மணியும் கழன்றன, மீட்டர் வீட்டு லைனோடு சேர்ந்தது. பெர்மிஷன் கிடைத்தது, நிபந்தனையோடு: பிரதான வீட்டின் பகுதியாக மட்டுமே பாவிக்கலாம், தனியாக வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது. நாளைக்கு வீட்டை வாங்குகிறவரையும் இது கட்டுப்படுத்தும். வாடகையில் மோர்ட்கேஜ் கட்டலாம் என்று அவர் போட்டுக் காட்டிய கணக்கு அதோடு போயிற்று. பிளானருக்கும் மறுவேலைக்கும் போன காசைக் கேட்டபோது ஆள் போனை எடுக்கவில்லை. இப்போது வேறு கம்பெனிப் பெயரில் ஓடுகிறார் என்று கேள்வி.

கவுன்சில் இணையத்தளத்தில் விலாசத்தைப் போட்டால் எந்த வீட்டின் பிளானிங் பேப்பரையும் இலவசமாகப் பார்க்கலாம். "இதெல்லாம் நான் செய்த அனெக்ஸ்" என்று அவர் பெருமையாகக் கொடுத்த விலாசங்களை அதில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அத்தனையும் ஜிம், ஸ்டோர். அங்கேயும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரியுமோ தெரியாது. பின்வளவில் அனெக்ஸ் கட்டி முடித்தவர்கள், கவுன்சில் கடிதம் வருவதற்கு முன் உங்கள் விலாசத்தையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள்.